எழுதிக் கொடுக்கும் வரை

மாதா துணை

மேல் டிவிசன், ஏழாம் லயம்,
கேமரன் மலை.
12-6-1983

பாசமிகு கிரகரி அண்ணனுக்குத் தங்கை பார்பரா எழுதுவது.

நானும் உங்கள் மாப்பிள்ளை சிரிலும் பிள்ளை பிலோமினாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். லூர்து அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படிக்கிறார்களா? ஈஸ்டருக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதமே இல்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கிற தேயிலைச் சரிவைக் கம்பெனி விற்றுவிட்டது. வாங்கியவர்கள் அங்கே கோலாலம்பூர்க்காரர்களுக்காக விடுமுறை வீடுகள் கட்டப் போகிறார்கள். ரோட்டோரத்தில் பெரிய பலகை வைத்து, வெள்ளை வெள்ளையாக மாடி வீடுகளைப் படம் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தில் எங்கள் லயம் இல்லை. அது இருக்கிற இடத்தில் பூச்செடி வரைந்திருக்கிறது. இதில் யார் குடியிருப்பார்கள் என்று பிலோமினா கேட்டாள். வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறவர்கள் என்றேன். மற்ற நாளில் யார் இருப்பார்கள் என்று கேட்டாள்.

போன வாரம் கணக்கெழுதுகிற சாம்பசிவம் கிராணி ஆபிசிலிருந்து வந்து, லயத்தில் இருக்கிற பன்னிரண்டு குடும்பத்தையும் வெளியே நிற்க வைத்துப் பேசினார். வீட்டுக்கு எழுநூறு வெள்ளிப் பணம் வாங்கிக்கொண்டு நாங்களாகவே வேறு இடம் பார்த்துப் போகலாம். இல்லாவிட்டால் தேயிலை ஆலைக்குக் கீழே கட்டுகிற புது வீடுகள் முடியும்வரை இங்கேயே இருக்கலாம். எப்போது முடியும் என்று சிரில் கேட்டதற்கு, கிறிஸ்மஸுக்குள் முடிந்துவிடும் என்றார். எழுதிக் கொடுப்பீர்களா என்றதற்கு, அது துரை கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

தானா ராத்தாவில் முன்பு முப்பது வெள்ளிக்குக் கிடைத்த அறைக்கு இப்போது நூறு கேட்கிறார்கள். ஹோட்டல் கட்ட வந்தவர்கள், ஹோட்டலில் வேலைக்கு வந்தவர்கள் என்று டவுன் நிறைய வெளியாட்கள். சிரிலுக்கு ஆலையில் கிடைக்கிறதும் நான் கொழுந்து பறித்துக் கொண்டுவருகிறதும் உங்களுக்குத் தெரியும்.

மலையை வெட்டுகிற மிஷின் காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. தரை நடுங்குகிறது. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. சிரில் இருந்துவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா, என்னோடு ஒரே வரிசையில் கொழுந்து எடுக்கிறவர், புருஷன் இல்லாதவர், அவர் போய்விடலாம் என்கிறார். அவருடைய மகன் விஜயன் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறான். எங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள், உங்களை விட்டால்?

நீங்கள் நாலும் தெரிந்தவர். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். ஒன்றும் முடியாவிட்டால் உங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் கொஞ்ச நாள் இருக்க முடியுமா என்பதையும் எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
பார்பரா


செந்தூல்,
கோலாலம்பூர்.
4-7-1983

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் மூவரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். அண்ணிக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. பிள்ளைகள் சுகம். இனிமேல் கடிதத்தை நான் வேலை செய்கிற அச்சகத்து விலாசத்துக்கே போடு. வீட்டுக்கு வருகிற தபால் சரியாகக் கைக்குக் கிடைப்பதில்லை.

நான் சொல்வதைக் கவனமாகப் படி. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. எழுநூறு வெள்ளி ஆறே மாதத்தில் வாடகையாகக் கரைந்துவிடும். அதற்குப் பிறகு நீ எஸ்டேட்டிலும் இல்லை, டவுனிலும் இல்லை. இந்த ஊரில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்துவிட்டேன். வீட்டைக் காலி செய்கிற நோட்டீசுகளை எங்கள் அச்சகத்திலேயே அடிக்கிறார்கள், அதனால் எனக்கு அதன் சூத்திரம் தெரியும். முதலில் பயம் காட்டுவார்கள், பாதிப் பேர் தாங்களாகவே போய்விடுவார்கள், மிச்சமிருக்கிறவனுக்குத்தான் வீடு.

யூனியனில் இருக்கிற ஒரு நண்பரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். எழுதிக் கொடுக்கும் வரை ஒரு சட்டியைக்கூட வெளியே எடுக்காதே. இதை லயத்தில் உள்ள மற்றவர்களுக்கும் படித்துக் காட்டு. எல்லோரும் சேர்ந்து இருந்தால்தான் பலம்.

மிஷின் சத்தத்துக்கெல்லாம் பயப்படலாமா? நீ சிறு பிள்ளையிலிருந்தே அப்படித்தான். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். பிலோமினாவுக்கு முத்தம்.

உன் அண்ணன்,
கிரகரி


ஏழாம் லயம்,
24-7-1983

பாசமிகு அண்ணனுக்கு,

கடிதம் வந்ததில் பெரிய ஆறுதல். அண்ணிக்குப் பூண்டு எண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லுங்கள், இங்கே குளிருக்கு நாங்கள் அதைத்தான் செய்கிறோம்.

நீங்கள் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உங்கள் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கடைசி வீட்டுச் சிங்காரம் அண்ணன் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். கோலாலம்பூரில் அச்சகத்தில் இருக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். சிரிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் சொன்னால் கேட்கவில்லை, உன் அண்ணன் சொன்னதும் கேட்கிறாய் என்றார்.

ஆனாலும் நான்கு குடும்பம் போய்விட்டது. அவர்கள் லோரி ஏறிய மறுநாளே ஆபிசிலிருந்து ஆள் வந்து கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு, ஜன்னல், எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு இடது பக்கத்து வீட்டுக்குக் கூரை இல்லை. மழை பெய்தால் அந்த வீட்டுக்குள் பெய்கிற சத்தம் எங்கள் சுவர் வழியாகக் கேட்கிறது. பிலோமினா அந்தச் சுவர்ப் பக்கம் படுக்க மாட்டேன் என்கிறாள்.

பின்கட்டு அறையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். நிரந்தரமாக வேண்டாம். அக்டோபர், நவம்பர், மழை மாதம் இரண்டு மட்டும் நானும் பிள்ளையும் வந்து இருக்கிறோம். சிரில் இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்வார், நமக்குள்ள உரிமையும் போகாது. சாப்பாட்டுக்கு நான் பணம் கொடுத்துவிடுவேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பார்பரா


கோலாலம்பூர்,
22-8-1983

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அச்சகத்தில் ஓவர்டைம். எல்லோரும் சுகம். அண்ணிக்கு நீ சொன்ன எண்ணெயைத் தடவிப் பார்க்கிறோம்.

மழை மாதத்துக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். யோசித்துத்தான் எழுதுகிறாயா? நீ லயத்தை விட்டு இரண்டு மாதம் இங்கே வந்து உட்கார்ந்தால், வேலைக்கு வரவில்லை என்று உன் பெயரை அடித்துவிடுவார்கள். மாப்பிள்ளை ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டைக் குடும்பம் என்று கணக்கில் எடுப்பார்களா? பிலோமினாவின் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? அண்ணிக்கும் இந்த நிலைமையில் வீட்டில் ஆள் அதிகமானால் சிரமம். நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய்.

கொஞ்சம் பொறுத்துக்கொள். கிறிஸ்மஸ் என்றால் இன்னும் நான்கு மாதம்தான். இதோடு பத்து வெள்ளி வைத்திருக்கிறேன், பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடு.

அன்புடன்,
கிரகரி


ஏழாம் லயம்,
18-9-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து வெள்ளி கிடைத்தது. பிலோமினாவுக்குச் சிவப்புச் சட்டை வாங்கினேன். அண்ணிக்கு என் மேல் வருத்தம் எதுவும் இல்லையே? நான் வந்தால் அவருக்கு வேலை குறையுமே தவிரக் கூடாது. சரி, அதை விடுங்கள்.

போன புதன்கிழமை செல்லம் அக்காவும் நானும் ரிங்லெட்டுக்கு வீடு பார்க்கப் போனோம். கடைக்குப் பின்னால் பலகை அடைத்த ஒரு அறை. ஜன்னல் கிடையாது. தண்ணீர் வெளியே, நான்கு குடும்பத்துக்கு ஒரு குழாய். நூற்று இருபது வெள்ளி, இரண்டு மாத முன்பணம். பிள்ளை இருக்கிறதா என்று கடைக்காரத் தவுக்கே கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் நூற்று முப்பது என்றார்.

லயத்துக்குப் பின்னால் கொழுந்து மூட்டை கொண்டுபோகிற பாதை இருக்கிறதே, அதில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. முதலில் விரல் நுழைகிற அளவு. இப்போது என் கை போகிறது. சிரில் இரண்டு பக்கமும் குச்சி நட்டு நடுவில் நூல் கட்டிவைத்தார். மூன்றாம் நாள் நூல் அறுந்து கிடந்தது. யாராவது பிள்ளைகள் அறுத்திருக்கும் என்றார். லயத்தில் இப்போது பிலோமினாவைத் தவிர வேறு பிள்ளை இல்லை, அண்ணா. அவருக்கும் அது தெரியும்.

விஜயன் அவனுடைய அம்மாவுக்குக் கோலா தெர்லாவில் ஒரு இடம் பார்த்துவிட்டான். காய்கறித் தோட்டத்துக்காரர் கொடுத்த கொட்டகைதான், ஆனால் சமதரை. பதினாறாம் தேதி லோரியோடு வந்து நின்றான். செல்லம் அக்கா பாயைச் சுருட்டி, சாமி படங்களைத் துணியில் கட்டி வைத்திருந்தார். கடைசி நேரத்தில் என்னிடம் வந்து, "உங்கண்ணன் எழுதினதை இன்னொரு தடவ படிச்சுக் காட்டு, பார்பரா" என்றார். படித்தேன். எழுதிக் கொடுக்கும் வரை ஒரு சட்டியைக்கூட வெளியே எடுக்காதே என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். இருபத்தாறு வருஷம் வேலை செய்ததற்கு ஒரு சொந்தக் கதவாவது கிடைக்கட்டும், கிறிஸ்மஸ்வரை இருந்துவிடுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு மூட்டையைப் பிரித்தார். விஜயன் வெறும் லோரியோடு போனான்.

உண்மையைச் சொல்கிறேன். அவர் போய்விட்டால் பக்கத்தில் யாரும் இல்லையே என்று எனக்கு இருந்தது. அவர் மூட்டையைப் பிரித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உடனே பதில் எழுதுங்கள்.

பார்பரா


ஏழாம் லயம்,
11-10-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

மழை பிடித்துவிட்டது. சமையலறைச் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் வருகிறது. சுத்தமான தண்ணீர் இல்லை, சிவப்பு. துணி வைத்து அடைத்தால் இன்னொரு இடத்தில் வருகிறது. மேலே மரம் மட்டை ஒன்று இல்லாமல் வழித்துவிட்டார்கள்.

ஐந்து குடும்பம்தான் இப்போது. ஒரே ஒரு வரி எழுதுங்கள். நானும் பிள்ளையும் வரலாமா, வரக்கூடாதா?

பார்பரா


கோலாலம்பூர்,
24-10-1983

அன்புள்ள பார்பராவுக்கு,

சுகம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. இப்போது வீட்டில் ரிப்பேர் வேலை நடக்கிறது. பின்கட்டு அறையின் தரையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். கிறிஸ்மஸ் கழிந்ததும் கட்டாயம் வாருங்கள், மூன்று பேருமே வாருங்கள்.

சுவரில் கசிவு என்பது மலை வீடுகளில் எல்லாம் உள்ளதுதான். மாப்பிள்ளையை விட்டு ஆபிசில் புகார் எழுதிக் கொடுக்கச் சொல். நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் பொறுத்துவிட்டு இப்போது வெளியே போனால் எல்லாம் வீண்.

கிரகரி


ஏழாம் லயம்,
13-11-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இங்கே இருக்கிறோம். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

சிரில் புகார் எழுதிக் கொடுத்தார். நகல் எடுத்து வைத்திருக்கிறோம். கிராணியும் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவரும் வந்து பார்த்தார்கள். வந்தவர் வெடிப்பில் குடைக் கம்பியை விட்டுப் பார்த்தார். கம்பி முழுவதும் போயிற்று. அவர் கிராணியிடம் மலாயில் ஏதோ மெதுவாகச் சொன்னார். கிராணி எங்களிடம் வந்து, பயப்பட ஒன்றும் இல்லை, வெடிப்பின் மேல் பிளாஸ்டிக் விரித்துவிடுவார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் லயத்தின் நிழலுக்குள் வரவே இல்லை. ரோட்டிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

எங்கள் முன்கதவு இப்போது மூடுவதில்லை. சட்டம் சாய்ந்துவிட்டது. சிரில் கீழே செதுக்கி மூட வைத்தார். நான்கு நாளில் மறுபடியும் மூடவில்லை. நாங்கள் பகல் உடுப்போடேயே படுக்கிறோம். பிலோமினாவுக்குச் செருப்பைக் காலிலேயே கட்டிவிடுகிறேன். ஏன் என்று அவள் கேட்பதில்லை. மழை நின்றுவிட்டால் அதுவும் பயமாக இருக்கிறது, சத்தம் இல்லாததால் வேறு என்ன சத்தம் என்று காது போய்க்கொண்டே இருக்கிறது.

நாங்கள், செல்லம் அக்கா, சிங்காரம் அண்ணனும் அவர் மனைவியும். அவ்வளவுதான். புது வீடுகளுக்குக் கூரை போட்டுவிட்டார்களாம். எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறோம்.

பிலோமினா கோயிலில் கிறிஸ்மஸ் பாட்டுக்குச் சேர்ந்திருக்கிறாள். நீங்கள் எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்பரா


கோலாலம்பூர்,
27-11-1983

என் தங்கச்சி பார்பராவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் எடுத்துப் படிக்கிறேன். இந்தத் தடவை நீ வரட்டுமா என்று கேட்கவில்லை. அது இல்லாததுதான் என்னை உறங்க விடவில்லை. செருப்பைக் கட்டிவிட்டுப் படுக்க வைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். இன்னும் எத்தனை நாள் மறைப்பீர்கள் என்று கேட்டாள். இப்போது எழுதிவிடுகிறேன்.

பின்கட்டு அறை இல்லை, பார்பரா. வீடே இல்லை. நாங்கள் இருந்த வரிசையை அடுக்குமாடி கட்ட விற்றுவிட்டார்கள். ஏப்ரலிலேயே காலி செய்துவிட்டோம். எனக்கும் கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பணம் தீர்ந்துபோயிற்று. சுற்று வட்டாரத்தில் எல்லா இடத்திலும் வாடகை இரண்டு மடங்கு. இப்போது ஒரு தையல்கடைக்கு மேலே ஒரே அறையில் நான்கு பேர் இருக்கிறோம். பிள்ளைகள் மேசைக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். உன் முதல் கடிதம் பழைய விலாசத்திலிருந்து சுற்றித்தான் என் கைக்கு வந்தது, அச்சகத்துக்குக் கடிதம் போடச் சொன்னது அதனால்தான். யூனியன் நண்பர் என்று எழுதினேனே, அப்படி யாரையும் நான் கேட்கவில்லை. என் தலையில் விழுந்ததை வைத்து நானே எழுதியது. இருக்கச் சொன்னதில் பாதி, நான் செய்த தப்பை நீ செய்யக்கூடாது என்று. மறு பாதி, நீ இங்கே வந்து நின்றால் உன்னை எங்கே உட்கார வைப்பேன் என்று. நாலும் தெரிந்தவர் என்று நீ எழுதியதற்குப் பிறகு அதைச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் கிளம்பு. காகிதம் வேண்டாம், வீடு வேண்டாம். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. ஒரு அறையில் ஏழு பேர் இருப்போம். செல்லம் அக்காவிடமும் மகனோடு போகச் சொல். நான் சொன்னதாகவே சொல்.

உன் அண்ணன்,
கிரகரி


மாதா துணை

கேமரன் மலை.
11-12-1983

அண்ணனுக்குப் பார்பரா எழுதுவது.

நானும் சிரிலும் பிலோமினாவும் உயிரோடு இருக்கிறோம். பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பெயர்களைச் சரியாகப் போடவில்லை என்று சொன்னார்கள், அதனால் முதலில் இதை எழுதுகிறேன்.

முப்பதாம் தேதி, புதன்கிழமை. மூன்று நாள் விடாத மழை. கொழுந்தெடுப்பை மதியமே நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றரை மணிக்குப் பிலோமினாவைப் பாட்டுப் பயிற்சியிலிருந்து கூட்டிவரக் கோயிலுக்குக் கிளம்பினேன். செல்லம் அக்கா அடுப்படியில் ஈரத்துணி காய வைத்துக்கொண்டிருந்தார். கூட வாங்கக்கா, கோயிலில் சூடாகத் தேத்தண்ணி கொடுப்பார்கள் என்றேன். "நீ போயிட்டு வாடி, நான் வந்தா துணி கருகிடும்லா" என்றார்.

கோயிலில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். லோரி கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நீளமாக இல்லை. பிள்ளைகள் பாட்டை நிறுத்தவும் இல்லை. எனக்குத்தான் தெரிந்துவிட்டது. பிலோமினாவை உபதேசியாரிடம் விட்டுவிட்டு ஓடினேன். ரோட்டுத் திருப்பத்துக்கு வந்து பார்த்தால் லயத்தில் பாதி இல்லை. எங்கள் வீட்டு முன்சுவர் நிற்கிறது, பின்னால் ஒன்றும் இல்லை, சமையலறை இருந்த இடத்தில் மண். அதற்கு அந்தப் பக்கம் வெறும் மண்தான். சிங்காரம் அண்ணனும் அவர் மனைவியும் ரோட்டில் நின்றிருந்தார்கள். அவர் கையில் எதற்கோ ஒரு வாளி இருந்தது. ஆலையிலிருந்து சிரில் வந்தார். நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்து அந்த மண்ணைக் கையாலேயே தோண்டத் தொடங்கிவிட்டார். நான் பின்னால் நின்று கூப்பிடுகிறேன், அவருக்குக் கேட்கவில்லை.

செல்லம் அக்காவை மறுநாள் மாலை எடுத்தார்கள். விஜயன்தான் கண்டுபிடித்தான். அவன் வேறு யாரையும் தொட விடவில்லை.

எங்களைப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் தங்க வைத்தார்கள். உங்கள் கடிதம் இரண்டாம் தேதி அங்கேதான் என் கைக்கு வந்தது. தபால்காரர் விசாரித்துக்கொண்டு வந்து கொடுத்தார். செல்லம் அக்காவிடம் சொல் என்று எழுதியிருந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அன்று காலையில்தான் அவரைத் தகனம் செய்துவிட்டு வந்திருந்தோம்.

ஐந்தாம் தேதி துரையே வந்து எங்களுக்கும் சிங்காரம் அண்ணனுக்கும் புது வீட்டுச் சாவியைக் கொடுத்தார். எழுதியும் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருக்கிறது. இரண்டு அறை, சிமெண்டுத் தரை. வீட்டுக்குப் பின்னால் மேடு இருக்கிறதா என்று பிலோமினா முதலில் ஓடிப்போய்ப் பார்த்தாள். இல்லை. இருந்தும் மழை பிடித்தால் அவளும் நானும் எழுந்து வாசலில் நிற்கிறோம். சிரில் உள்ளே வரச் சொல்வதில்லை. அவரும் வந்து பக்கத்தில் நிற்கிறார்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். அது பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். ஒரே அறைதான் இருக்கிறது, வந்தால் மேசைக்கு அடியில்தான் படுக்க வேண்டும் என்று ஜூலையில் எழுதியிருந்தால் நான் வந்திருப்பேன். வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது? நான் லயத்தில் பிறந்தவள்தானே. நீங்களும் அங்கேதானே பிறந்தீர்கள்.

போன புதன்கிழமை விஜயன் புது வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. லோரி ரோட்டில் ஓடிக்கொண்டே நின்றது. அன்றைக்கு மூட்டையெல்லாம் கட்டிவிட்டு அம்மா ஏன் மனம் மாறினார் என்று கேட்டான். நான் அடுப்பைப் பற்ற வைக்கத் திரும்பினேன்.

"ஏங்கா, யாரோ சொல்லித்தான் இருந்தாங்க. எங்கம்மா தானா அப்படி முடிவு எடுக்க மாட்டாங்க. யாருனு மட்டும் சொல்லுங்க" என்றான்.

"நான்தான் தம்பி இருக்கச் சொன்னேன்" என்றேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. அம்மா உங்களைத் தங்கச்சி மாதிரி நினைத்தாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ரோட்டில் லோரியைக் கண்டால் நான் தேயிலைக்குள் இறங்கி நின்றுகொள்கிறேன்.

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றியும் சொல்லவில்லை. சிங்காரம் அண்ணனும் சொல்ல மாட்டார். நான் சொன்னதும் பொய்யில்லை, வாசித்தது நான்தான், செல்லம் அக்கா தங்கியதில் சந்தோஷப்பட்டதும் நான்தான். என் பங்கை அவனிடம் சொல்லிவிட்டேன். மற்றதை நான் சுமக்க மாட்டேன், அண்ணா. அது உங்களுடையது. என்ன செய்வது என்று இந்தத் தடவை நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளைக் குளிரில் தரையில் படுக்க வைக்காமல் கீழே அட்டையாவது போடச் சொல்லுங்கள்.

பார்பரா


கோலாலம்பூர்,
14-12-1983

பார்பராவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் மலை அடிவாரத்தில் தாப்பாவில் பஸ் மாறியிருப்பேன். சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

முதலில் உன் வீட்டுக்கு வரவில்லை. பஸ் உன் பக்கமாகத்தான் போகும், ஆனாலும் நான் இறங்க மாட்டேன். நேராகக் கோலா தெர்லாவுக்குப் போகிறேன். காய்கறி லோரி ஓட்டுகிற விஜயன் என்று கேட்டால் காட்ட மாட்டார்களா? ஜூலையில் நான் எழுதிய அந்தக் கடிதம் உன்னிடம் மண்ணோடு போயிருக்கும். அதில் என்ன எழுதினேன் என்று எனக்கு ஒரு வரி விடாமல் தெரியும். அதை அவனிடம் அப்படியே சொல்வேன். ஏன் எழுதினேன் என்பதையும் சொல்வேன்.

அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. உன் கடிதம் வந்ததிலிருந்து அச்சு எழுத்துகூட அடுக்க முடியவில்லை. வேண்டாம், கடிதம் எழுதிவிடுங்கள் என்று அண்ணி சொன்னாள். இனி நான் எழுத மாட்டேன்.

நான் வருவதை அவனுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதே.

கிரகரி